அந்த 0.43 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

"உள்ள வாங்க. ஆனா அந்த மேசையில மட்டும் கை வச்சுராதீங்க" என்று லேப் அண்ணாச்சி வாசலிலேயே மறித்துவிட்டார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. இரும்பை இழுத்து, முறுக்கி, அமுக்கிப் பார்க்கிற கூடம் அது. வெளியே கரிசல் வெயில் கொளுத்துகிறது. உள்ளே கிரீஸ் வாசனை, மின்விசிறியின் கரகரப்பு. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேசை மேல் கத்திமுனை போன்ற இரண்டு தாங்கிகள், அவற்றின் மேல் படுத்திருக்கும் ஒரு சாதாரண இரும்புப் பட்டை, நடுவில் தொங்கும் ஒரு கொக்கி, பட்டைக்கு அடியில் முகம் தூக்கி நிற்கும் டயல் கேஜ். இவ்வளவுதான் மொத்த சாமான்.

இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று நினைப்பீர்கள். பாருங்கள், சொல்கிறேன்!

பட்டையின் அகலம் 40 மில்லிமீட்டர், தடிமன் 6. தாங்கிக்குத் தாங்கி 800 மில்லிமீட்டர். நடுவில் எடையைத் தொங்கவிட்டால் பட்டை எவ்வளவு தொய்யும்? புத்தகத்தில் ஒரே ஒரு வரிச் சூத்திரம் இருக்கிறது. எடையை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தால் பெருக்கு. 48, இரும்பின் யங் குணகம், குறுக்குவெட்டின் நிலைமத் திருப்பம் மூன்றையும் பெருக்கி வருவதால் வகு. இரும்புக்கு யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு 0.73 மில்லிமீட்டர், ஐந்து கிலோவுக்கு 3.63. அந்த எடையில் பட்டைக்குள் உண்டாகும் தகைவு, அது நிரந்தரமாக வளைந்துபோகும் எல்லையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. எடையை எடுத்தால் பட்டை ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொள்ளும்.

முதல் ரகசியத்தை அண்ணாச்சி உடைத்தார். ஒருவரும் எடை வைக்காதபோதே பட்டை வளைந்துதான் கிடக்கிறது! அதன் சொந்த எடையே ஒன்றரைக் கிலோ. அந்தப் பாரத்துக்கு நடுவில் ஏறக்குறைய 0.68 மில்லிமீட்டர் தொய்வு ஏற்கெனவே உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. நாம் அதன் பிறகு டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, இங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்று சாதிக்கிறோம்.

டயல் கேஜைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பெரிய முள் ஒரு சுற்று சுற்றினால் ஒரு மில்லிமீட்டர். முகத்தில் நூறு கோடுகள், கோட்டுக்குக் கோடு 0.01. எத்தனை சுற்று ஆனது என்று கணக்கு வைத்துக்கொள்ள உள்ளே ஒரு குட்டி முள். மேசையில் முழங்கையை ஊன்றினால் முள் துடிக்கிறது. பக்கத்தில் ஒருவர் தொம்மென்று நடந்தால் துடிக்கிறது. வாசலில் என்னை மறித்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஒரு மாணவி முதல் கிலோவைக் கொக்கியில் மாட்டினாள். அண்ணாச்சி டயலின் விளிம்பை விரல் நகத்தால் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே பல்சக்கரம் எங்காவது சோம்பிக் கிடந்தால் எழுப்பிவிட. 0.86. அடுத்த கிலோ, 1.66. பிறகு 2.46, 3.26. ஐந்தாவது கிலோவுக்கு முள் நின்ற இடம் 4.06.

"சார், தியரி 3.63. நமக்கு 0.43 கூட வருது. பன்னெண்டு பர்சென்ட் எரர்" என்றாள் அவள், முகம் சுருங்கிப்போய்.

"பதறாத தாயி. இரும்பு பொய் சொல்லாது. யார் சொல்றாகன்னு பாப்போம்" என்றார் அவர், வெர்னியரைத் துடைத்துக்கொண்டே.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் உள்ளூரச் சிரிப்பு வரும். ரெக்கார்டு நோட்டில் பிழைச் சதவீதம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் இரண்டு, மூன்றுக்கு மேல் வரக்கூடாது என்பது தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் நம்பிக்கை. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பென்சிலால் வரைபடமும் போட்டு, புள்ளிகளை வேண்டுமென்றே ஒன்றிரண்டு தள்ளிவைத்து இயற்கையாக்கும் கலையில் தேர்ந்தவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. என் அபிப்பிராயம், அந்தப் பத்திதான் முழு நோட்டிலும் படிக்கத் தகுந்தது. அதைத்தான் முதலில் அழிக்கிறோம்.

வெர்னியர் பட்டையைக் கவ்வியது. தடிமன் 6 இல்லை, 5.8.

வெறும் 0.2 மில்லிமீட்டர்! கடையில் ஆறு எம்எம் பட்டை என்று கேட்டு வாங்கியதுதான். உருட்டாலையில் இருந்து வருகிற பட்டைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்க விதியே அனுமதிக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் நிலைமத் திருப்பத்தில் தடிமன் மும்மடியாக உட்காருகிறது. ஆறின் மும்மடி 216. ஐந்து புள்ளி எட்டின் மும்மடி 195 சொச்சம். தடிமனில் மூன்று சதவீதம் குறைந்தால் விறைப்பில் பத்து சதவீதம் போய்விடும். திரும்பக் கணக்குப் போட்டபோது ஒரு கிலோவுக்கு 0.80 என்று வந்தது. அளந்த அட்டவணையைப் பாருங்கள், இரண்டாவது கிலோவிலிருந்து ஒவ்வொரு படியும் அச்சு அசல் 0.80!

முதல் கிலோ மட்டும் ஏன் 0.86? அது உட்காரும் கணக்கு. தாங்கி முனையில் ஒட்டிய துரு, பெயிண்டுத் துணுக்கு, பட்டையில் இருக்கும் லேசான முறுக்கல் எல்லாம் முதல் எடையில்தான் அமுங்கி ஒழுங்காகின்றன. அதனால்தான் விவரமானவர்கள் ஒற்றை அளவை நம்புவதில்லை. எடை ஏற்றும்போதும் இறக்கும்போதும் படித்து, சராசரி எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டு, கோட்டின் சரிவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கோடு பூஜ்யத்தில் தொடங்காவிட்டாலும் சரிவு மாறாது. தாங்கிகளின் இடைவெளியை ஐந்து மில்லிமீட்டர் தப்பாக அளந்திருந்தால் அது தனியாக இரண்டு சதவீதத்தைச் சாப்பிடும், நீளமும் மும்மடி ஆயிற்றே. டயல் கேஜின் ஸ்பிரிங்கும் சும்மா இருப்பதில்லை. அடியிலிருந்து பட்டையை ஒரு பொடி அளவு மேலே தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது.

இந்த ஒற்றை வரிச் சூத்திரம் கைக்கு வர எத்தனை பெரிய மூளைகள் தடுக்கி விழுந்தன என்பது தனிக் கூத்து. வீட்டுக்காவலில், கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த கலிலியோ எழுதிய நூல் 1638இல் லைடனில் அச்சானது. அதில் சுவரில் செருகி, நுனியில் எடை தொங்கும் ஓர் உத்திரத்தின் படம் இருக்கிறது. அழகான படம். ஆனால் உத்திரம் கீழ் விளிம்பில் கீல் போல மடங்கும், குறுக்குவெட்டு முழுவதும் ஒரே சீராக இழுபடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மேல்பாதி இழுபட, கீழ்பாதி நசுங்கும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அவர் வழியில் கணக்கிட்டால் உத்திரத்தின் வலிமை மூன்று மடங்கு அதிகமாக வரும். இழுக்க இழுக்க விசையும் அதே விகிதத்தில் கூடும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676இல் பதினான்கு எழுத்துகளைக் குலைத்துப்போட்டு விடுகதையாக வெளியிட்டு, இரண்டு வருஷம் கழித்து விடை சொன்னார். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம்! பிறகு பெர்னூலிகள், ஆய்லர். இழுபடும் பாதியையும் நசுங்கும் பாதியையும் பிரிக்கும் நடு அச்சை அதன் சரியான இடத்தில் உட்காரவைத்து, இன்றைய பொறியாளர் உட்கார்ந்து போடக்கூடிய கணக்காக அதை வடித்துக் கொடுத்தது 1826இல் வெளிவந்த நவியேயின் பாடங்கள்.

சரித்திரம் போதும். அண்ணாச்சி அடுத்த வித்தைக்குத் தயாராகிவிட்டார். இதைப் பார்த்துத்தான் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டயலை நடுவிலேயே விட்டுவிட்டு, இரண்டு கிலோவைப் பட்டையின் கால்வாசித் தூரத்தில் மாட்டினார். நடுவில் 1.10. பிறகு இடம் மாற்றினார். எடை நடுவில், டயல் கால்வாசித் தூரத்தில். படித்துச் சொல்லச் சொன்னார். 1.10!

இன்னொரு தடவை என்றேன். செய்தார். அதே 1.10.

யோசித்துப் பாருங்கள். எடை நடுவில் இருக்கும்போது பட்டை வளையும் வடிவம் வேறு, ஓரத்தில் இருக்கும்போது வளையும் வடிவம் வேறு. ஒன்று சமச்சீராக இருக்கிறது, மற்றது ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆனாலும் இங்கே வைத்து அங்கே அளந்தாலும், அங்கே வைத்து இங்கே அளந்தாலும் ஒரே எண்தான். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1864இல் சொன்னது இது. ஆமாம், மின்காந்த அலைகளுக்குச் சமன்பாடு எழுதிய அதே மாக்ஸ்வெல். பட்டைக்கு மட்டுமல்ல, பாலத்துக்கும் கூரைச் சட்டத்துக்கும் விதி ஒன்றுதான். இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. தடிமன் 6 என்று நினைத்தீர்களா, 5.8 என்று அளந்தீர்களா என்பதே இதற்குத் தேவையில்லை. சூத்திரத்தில் போடும் எண்கள் தப்பாகவே இருந்தாலும் இந்தச் சமன்பாடு நிற்கும். மாணவிக்கு முகம் மலர்ந்துவிட்டது, பிழைச் சதவீதம் பூஜ்யம் என்று ரெக்கார்டில் மனசாட்சியோடு எழுதலாமே.

இனி மேசையிலிருந்து சாலைக்கு வருவோம். கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்குப் போகிற நாற்கரச் சாலையில் கயத்தாறு. வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர். சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்பவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காத்தாடிகள். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று இந்தக் கரிசல் வெளியில்தான் தடையில்லாமல் ஓடுகிறது. அதற்காகவே தேசியக் காற்றாலை நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் கயத்தாறில் அமைந்தது. 1998இல் சென்னையில் சி-வெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது, தலைமையகம் பள்ளிக்கரணையில். சோதனை நிலையத்துக்குத் தொழில்நுட்பத் துணை நின்றது டென்மார்க்கின் ரிஸோ ஆய்வுக்கூடம்.

காத்தாடியின் டவர் என்பது என்ன? அடியில் இறுகப் பிடித்து நட்டுக்குத்தலாக நிறுத்திய உத்திரம். கலிலியோ சுவரில் செருகிய அதே உத்திரத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி நிறுத்தி, எடைக்குப் பதில் காற்றை விட்டால் ஆயிற்று. ஒரு கணக்குப் போடலாம். உயரம் 50 மீட்டர், குறுக்கு விட்டம் இரண்டரை மீட்டர், தகடு 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிஜ டவர் மேலே போகப் போகக் குறுகும், நாம் சோம்பேறித்தனமாக ஒரே பருமன் என்போம். உச்சியில் இறக்கைகளைக் காற்று பத்து டன் அளவுக்குத் தள்ளினால் டவரின் தலை எவ்வளவு நகரும்? 23 சென்டிமீட்டர். கை விரித்தால் ஒரு சாண்! அவ்வளவு பெரிய இரும்புக் குழாய், காற்று வந்தால் ஒரு சாண் பின்வாங்குகிறது. காற்று ஓய்ந்தால் திரும்பி வருகிறது.

இதை அளப்பது எப்படி? அம்பது மீட்டர் உயரத்தில் டயல் கேஜை எங்கே நிறுத்துவது? இங்கேதான் ஸ்ட்ரெயின் கேஜ் வருகிறது. 1938இல் அமெரிக்காவில் ஒருவரையொருவர் அறியாமல் சிமன்ஸும் ரூகேயும் கண்டுபிடித்த சமாசாரம். தபால்தலையைவிடச் சின்னது. மெல்லிய உலோக இழை முன்னும் பின்னும் மடித்துக் கிடக்கும். இரும்பு நீண்டால் அதுவும் கூடவே நீளும், மின்தடை கூடும். ஒட்டுகிற வேலையில் கல்யாண வீட்டுப் பதற்றம் உண்டு. டவரின் உள்சுவரில் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரே திசையில்தான் துடைக்க வேண்டும், திரும்பத் தேய்த்தால் அழுக்கு பழைய இடத்துக்கே வரும். பிறகு அச்சு தவறாமல் வைத்து, ஒரு சொட்டு ஒட்டுப்பசை விட்டு, கட்டைவிரலால் அசையாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் நழுவினால் அந்த கேஜ் குப்பைக்கு. ஒயரைப் பற்றவைத்து, ஈரம் ஏறாமல் மேலே பூச்சுப் போட்டு, எதிர்ப்பக்கத்திலும் இதையே செய்து, பக்கத்துக்கு இரண்டாக நாலையும் சேர்த்து வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்றாகக் கட்டினால், வளைவு மட்டும் பேசும், வெப்பமும் நேர் பாரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வாயடைத்துவிடும்.

நம் கணக்கு டவரில் அடிப்பக்கம் ஒரு மீட்டருக்கு 0.34 மில்லிமீட்டர் நீள்கிறது. 350 ஓம் கேஜில் அதனால் கூடும் தடை கால் ஓம்கூட இல்லை. ஒரு சாண் ஆட்டத்தைக் கால் ஓமில் பிடிக்கிறார்கள்!

சரி, கேஜ் சொல்கிற எண் உண்மையா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? மேசையில் என்றால் ஐந்து கிலோ கல் இருக்கிறது. டவருக்கு எங்கே போவது? இந்த யுக்திக்கு எழுந்து நின்று கை தட்டலாம். உச்சியில் இருக்கும் பெட்டியின் எடைமையம் டவரின் அச்சுக்கு மேல் நேராக இருக்காது, கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதன் எடையும் தள்ளியிருக்கும் தூரமும் தெரியும். காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து, அந்தப் பெட்டியை மெதுவாக ஒரு முழு வட்டம் திருப்புகிறார்கள். கேஜ் அலையலையாய் ஒரு சைன் கோடு வரைகிறது. கோட்டின் உயரத்தைத் தெரிந்த திருப்புவிசையோடு ஒப்பிட்டால் அளவுகோல் தயார். இறக்கைக்கும் அதே வழிதான். மெல்லச் சுழலவிட்டால், படுக்கையாக வரும்போது இறக்கை தன் சொந்த எடையாலேயே தொங்குகிறது, அதுவே எடைக்கல். இரும்புப் பட்டையின் சொந்த எடையை டயலைத் திருகி மறைத்தார்களே, இங்கே அதையே விளக்காகப் பிடிக்கிறார்கள்.

தூரத்தில் நின்று கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை வைத்து டவரின் உச்சியையும் யாராவது அளந்தால் வேடிக்கை இன்னும் கூடும். கேஜ் சொல்லும் வளைவிலிருந்து கணக்கிட்ட ஆட்டமும், தியோடலைட் காட்டும் ஆட்டமும் ஒத்துப்போகாது. காரணங்களில் ஒன்று நம் ஊர் வெயில். காலைச் சூரியன் கிழக்குப் பக்கத் தகட்டைச் சுட வைத்து, மேற்குப் பக்கத்தைவிட அது பத்து டிகிரி கூடுதலாகிவிட்டால், சுட்ட பக்கம் நீளும். டவர் சூரியனுக்கு முதுகு காட்டி வளையும். அதே 50 மீட்டர் டவரின் உச்சியில் இது சுமார் ஆறு சென்டிமீட்டர். காற்றே இல்லாமல்! உள்ளே தகைவு எதுவும் உண்டாகாததால் வெப்பத்தை ஈடுகட்டும் கேஜுக்கு இது தெரியவும் தெரியாது.

மற்றொன்று காலடியில். கரிசல் மண்ணின் குணம் இந்தப் பக்கத்து விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் உப்பும், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடுவது அதனால்தான். காத்தாடியின் கான்கிரீட் அடித்தளத்தைக் கரிசலைத் தோண்டித் தாண்டி, கீழே கெட்டியான தளத்தில் உட்கார வைக்கிறார்கள். ஆனாலும் பூமி என்பது முழு விறைப்பான பொருள் இல்லை. அடித்தளம் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் சாய்ந்தால் போதும், உச்சியில் அது ஐந்து சென்டிமீட்டர் ஆகிவிடும். மேசை மேல் தாங்கி உட்கார்ந்தபோது முதல் கிலோவில் கூடுதலாக வந்த 0.06க்கு இது பெரியப்பா முறை. டவரின் சுவரில் ஒட்டிய கேஜுக்கு இரும்பு வளைந்தது மட்டும்தான் தெரியும், மண் அமுங்கியது தெரியாது. தியோடலைட்டுக்கு எல்லாம் சேர்த்துத்தான் தெரியும், எது இரும்பு எது மண் எது வெயில் என்று பிரிக்கத் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தால்தான் கரிசல் தன் பங்கை ஒப்புக்கொள்கிறது.

இந்த அளவைக்கான சர்வதேச நெறிமுறையின் எண் ஐஇசி 61400-13. அதில் ஒரு பெரிய கட்டம் போட்ட அட்டவணை உண்டு. ஒரு பக்கம் காற்றின் வேகம், மறுபக்கம் காற்றின் கொந்தளிப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து பத்து நிமிடப் பதிவுகள் இத்தனை வேண்டும் என்று கணக்கு. மெல்லிய காற்றுக் கட்டங்கள் தானாக நிரம்பிவிடும். பலத்த காற்றுக் கட்டங்கள்தான் காலியாகக் கிடந்து கழுத்தறுக்கும். ஆனி, ஆடியில் கயத்தாறில் மண்ணை வாரி இறைத்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கும் காற்று வீசும்போது, ஊரில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். அளவை எடுக்கிற ஆட்களுக்கு மட்டும் அப்போதுதான் தீபாவளி. திரையில் அந்தக் காலிக் கட்டம் ஒன்று நிரம்பினால் டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு இன்னும் ரெண்டு மீட்டர் கூடுதலாக வீசாதா என்று உட்கார்ந்திருப்பார்கள்.